எல்லா டெஸ்டும் பாஸ்

1

என் அப்பா சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் 28 வருஷம் விசைத்தறி ஓட்டினார். குடோனுக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் வாயசைவையும் கையையும் வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். தார் தீர்ந்துவிட்டது, பாவு அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு சைகை இருந்தது. பள்ளி லீவில் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நிற்கும் எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது காதுக்குள் கொஞ்ச நேரம் 'ஙொய்' என்று ஓடும். வீடு சேர்வதற்குள் நின்றுவிடும். அப்பாவுக்கு அது எந்த வருஷத்திலிருந்து நிற்காமல் போனது என்று நான் கேட்டதே இல்லை.

1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொழிலால் வரும் எந்தெந்த நோய்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பட்டியல். இரைச்சலால் வரும் செவிக்குறைவும் அதில் இருந்தது. அப்பாவின் குடோனில் யாரும் யாருக்கும் எதையும் தெரிவித்ததாக நினைவில்லை. அங்கே அது ஒரு நோயாகவே கணக்கில் இல்லை. "தறிக்காரன் காது அப்படித்தான்" என்பதோடு முடிந்துவிடும்.

அப்பாவுக்கு இப்போது 64 வயது. பேசினால் தலையாட்டுவார். "சரி, சரி" என்பார். எதற்குச் சரி என்றார் என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். அம்மா "தட்டு எடுங்க" என்றால் "கட்டு எதுக்கு?" என்பார். மூன்று வருஷம் முன்பு கோயம்புத்தூரில் காட்டி, காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் போட்டார். பிறகு அது பீரோவுக்குள் போய்விட்டது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "கேக்குது கண்ணு. புரியலையே."

அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் பின்னாளில் என் வேலையாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2

நான் படித்தது இசிஇ. எட்டு வருஷம் சென்னையிலும் பெங்களூரிலும் வங்கிகளுக்கான மென்பொருள் எழுதிவிட்டு, ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் செவியியல் ஆய்வகத்தில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அவர்களிடம் 20 வருஷமாகச் சேர்ந்திருக்கும் மேட்லேப் நிரல்களைப் பைத்தானுக்கு மாற்றவேண்டும்.

செவியியலில் மேட்லேப் ஏன் இவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 1970-களின் கடைசியில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே மேட்ரிக்ஸ் கணக்குகள் போடுவதற்காகச் செய்த சின்னக் கருவி அது. 1984-ல் அதற்கென்று ஒரு கம்பெனி வந்தது. ஒலியை எண்களின் வரிசையாகப் பார்க்கும் எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. காதின் மாதிரிகள் பலவும் அதிலேயே எழுதப்பட்டன. மால்கம் ஸ்லேனியின் ஆடிட்டரி டூல்பாக்ஸும் அப்படித்தான். கேட்ஸும் அரேஹார்ட்டும் 2014-ல் வெளியிட்ட ஹாஸ்பி என்ற பேச்சுத்தெளிவு அளவீடும் அப்படித்தான். நரம்பின் துடிப்பு வரை கணக்கிடும் ஜிலானி, புரூஸ், கார்னி மாதிரி உள்ளே சி மொழியில் ஓடினாலும், அதைக் கூப்பிடும் கதவு மேட்லேப்தான்.

இப்போது ஆய்வாளர்களுக்குக் காதின் மாதிரியையும் நியூரல் நெட்வொர்க்கையும் ஒன்றாக ஓட்டவேண்டும். அந்த உலகம் பைத்தானில் இருக்கிறது. மேட்லேப் லைசென்சுக்குக் காசு வேண்டும். எனவே மாற்றுகிறார்கள். பிரிட்டனின் கிளாரிட்டி திட்டம் ஹாஸ்பியைப் பைத்தானுக்குக் கொண்டுவந்தது இந்தத் தேவையால்தான்.

'மாற்றுவது' என்றால் வரிக்கு வரி பெயர்த்து எழுதுவது என்றுதான் நானும் நினைத்தேன். முதல் வாரமே தெரிந்துவிட்டது. மேட்லேப் ஒன்றிலிருந்து எண்ணும், பைத்தான் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். இது எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் ஆபத்து குறைவு. ஆபத்தெல்லாம் இரண்டு மொழியிலும் ஒரே பெயரில் இருந்துகொண்டு வேறு வேலை செய்கிறவைகளால்தான் வரும்.

உதாரணத்துக்கு 'ரவுண்ட்'. 220.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் மேட்லேப் 221 என்னும். பைத்தான் 220 என்னும், ஏனென்றால் சரிபாதியில் நிற்கும் எண்ணை அது பக்கத்து இரட்டைப்படைக்குத் தள்ளும். இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஒலியை நொடிக்கு 22,050 சாம்பிள் எடுத்து, 10 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டின் நீளம் சரியாக 220.5. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சாம்பிள் பிசகும். பத்து நொடியில் ஆயிரம் துண்டு, ஆயிரம் சாம்பிள். இரண்டு நிரலும் ஒன்றையொன்று 45 மில்லிசெகண்ட் விட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

'எஸ்டிடி' என்று திட்டவிலக்கம் கேட்டால் மேட்லேப் என்-மைனஸ்-ஒன்றால் வகுக்கும். நம்பை என்னால் வகுக்கும். மேட்லேப்பில் ஒரு வரிசையின் துண்டை எடுத்து வேறு பெயர் வைத்து மாற்றினால், மூல வரிசை அப்படியே இருக்கும். நம்பையில் அந்தத் துண்டு ஒரு ஜன்னல் மாதிரி. ஜன்னல் வழியாகக் கைவிட்டு மாற்றினால் உள்ளே இருப்பதே மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. 16-பிட் முழு எண்ணாக ஒலியை வைத்திருந்தால், உச்சியான 32,767-ஐத் தாண்டும்போது மேட்லேப் அங்கேயே நிற்கும். நம்பை அடியிலுள்ள மைனஸ் 32,768-க்குப் போய்விடும். முதலாவதில் ஒலி கொஞ்சம் கரகரக்கும். இரண்டாவதில் காதில் ஆணி அடித்த மாதிரி வெடிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன. புது மேட்லேப் செஷன் ஒன்றைத் திறப்பேன். மூல நிரலை ஓட்டி, ஒவ்வொரு கட்டத்தின் விடையையும் கோப்பில் சேமிப்பேன். பைத்தானில் அதே கட்டம், அதே உள்ளீடு. இரண்டு விடையும் பன்னிரண்டாவது தசம இடம் வரை ஒத்துப்போகவேண்டும். அப்படி 412 டெஸ்ட். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 412-ம் பச்சை. ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். நிஜமாகவே.

3

அந்த நிரல்களில் ஒன்று செவிக்குறைவைப் போலி செய்யும் நிரல். ஒருவருடைய ஆடியோகிராமையும் ஒரு ஒலிக்கோப்பையும் கொடுத்தால், அந்த ஒலி அவர் காதுக்கு ஏறக்குறைய எப்படி எட்டும் என்று நாம் கேட்கும்படி மாற்றிக்கொடுக்கும். இது என்ன செய்கிறது என்று சொல்ல, காதுக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

உள்காதில் காக்லியா என்ற சுருள் இருக்கிறது. நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். உயர்ந்த சுருதிகள் அதன் வாசலிலும், தாழ்ந்தவை உள்கோடியிலும் அலையை எழுப்பும். இதைக் கண்டறிந்த கியார்க் வான் பெக்கேஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பார்த்த காதுகள் இறந்தவர்களுடையவை. அந்தக் காதுகளில் அலை அகலமாக, மழுங்கலாக இருந்தது. 1971-ல் வில்லியம் ரோட் உயிருள்ள குரங்குகளின் காதில் அளந்தபோது கதை வேறாக இருந்தது. சத்தம் பத்து மடங்கு ஏறினால் அதிர்வு பத்து மடங்கு ஏறவில்லை. மெல்லிய சத்தங்களை உயிருள்ள காது தூக்கிக் கொடுக்கிறது, பெரிய சத்தங்களை அந்த அளவுக்குத் தூக்குவதில்லை. அந்தத் தூக்கும் வேலையைச் செய்பவை வெளிமயிர்ச் செல்கள். ஒரு காதில் சுமார் 12,000 இருக்கும். தறிச்சத்தம் முதலில் கொல்வது இவற்றைத்தான். பாலூட்டிகளுக்கு இவை திரும்ப முளைப்பதில்லை.

இவை போனால் மூன்று காரியம் நடக்கும். முதலாவது, மெல்லிய சத்தம் கேட்காது. இது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, பக்கத்துப் பக்கத்துச் சுருதிகளைப் பிரித்தறியும் கூர்மை போகும். நல்ல காதில் 1,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள வடிகட்டியின் அகலம், கிளாஸ்பெர்கும் மூரும் 1990-ல் கொடுத்த சூத்திரப்படி, சுமார் 133 ஹெர்ட்ஸ். கெட்ட காதில் அது அகன்றுவிடும். ஈரத்தில் எழுதிய மை மாதிரி எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று ஊறும். மூன்றாவது, அதிகம் பேருக்குத் தெரியாதது. அப்பாவுக்கு 4,000 ஹெர்ட்ஸில் 75 டெசிபல் வரை எதுவும் கேட்காது. ஆனால் 100 டெசிபல் நமக்கு எவ்வளவு பெரிய சத்தமோ, அவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பெரிய சத்தம்தான். நாம் நூறு படியில் ஏறும் உயரத்தை அவர் இருபத்தைந்து படியில் ஏறுகிறார். ஒரு படி கீழே இருந்தால் ஒன்றும் இல்லை. இரண்டு படி ஏறினால் கத்தல்.

இதனால்தான் இந்த நிரல்களில் ஒலியின் உண்மையான அளவு அவ்வளவு முக்கியம். கணினிக்குள் ஒலி என்பது மைனஸ் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவிலான எண்கள், அவ்வளவுதான். அந்த 'ஒன்று' வெளியே எத்தனை டெசிபல் என்பதை யாராவது சொல்லவேண்டும். பாஸ்கலில் அளந்தால் ஒன்று என்பது 94. ஹாஸ்பியில் டீஃபால்ட்டாக 65. எங்கள் ஆய்வகத்தில் 100. சாதாரண ஆம்ப்ளிஃபையராக இருந்தால் இதைத் தப்பாகச் சொன்னாலும் வால்யூம் மட்டும் கூடும், குறையும். காது அப்படி இல்லை. எண் மாறினால் ஒலியின் வடிவமே மாறும்.

4

கேக் வெட்டிய அந்த வாரக் கடைசியில் நான் அப்பாவின் ஆடியோகிராமைத் தட்டிப்போட்டேன். கோயம்புத்தூரில் எடுத்த காகிதத்தின் போட்டோ போனில் இருந்தது. 500-ல் 30, 1,000-ல் 40, 2,000-ல் 55, 4,000-ல் 75, 8,000-ல் 60. அந்த 4,000 ஹெர்ட்ஸ் பள்ளம் இரைச்சலில் வேலை செய்தவர்களின் கையெழுத்து மாதிரி.

ஒலிக்கு, அம்மா வாட்ஸாப்பில் அனுப்பியிருந்த ஒரு வாய்ஸ் மெசேஜ். தென்னைக்குத் தண்ணி விட்டது, சித்தி பெண்ணுக்கு வரன் வந்தது, எப்போது வருகிறாய். ஒன்றரை நிமிஷம். ஆய்வகத்தின் வழிமுறைத் தாளில் சொல்லியபடி அதன் சராசரியை மைனஸ் 35-ல் வைத்தேன். 'சாதாரணப் பேச்சு, 65 டெசிபல்' என்று தாளில் பக்கத்திலேயே போட்டிருந்தது. நிரலை ஓட்டினேன். ஹெட்ஃபோன் மாட்டினேன்.

அம்மா இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ போர்வையைப் போர்த்திக்கொண்டு முனகுவது மாதிரி ஏதோ ஒன்று. சில நொடி அதுவும் இல்லை. வால்யூமை ஏற்றவில்லை, ஏற்றக்கூடாது. அதுதானே அவர் கேட்பது.

ஒன்றரை நிமிஷத்தையும் கேட்டேன். பிறகு எழுந்து போய் ஆய்வகத்துப் பாத்ரூமில் கொஞ்ச நேரம் நின்றேன். இத்தனை வருஷமாக அந்த வீட்டுக்குள் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் அவரைச் சுற்றிப் பேசிக்கொண்டும், 'சொன்னா கேக்கறதே இல்ல' என்று சலித்துக்கொண்டும் இருந்திருக்கிறோம். அன்றைக்கு ராத்திரியே ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

5

வீட்டுக்குப் போனதிலிருந்து நான் அப்பாவிடம் கத்தித்தான் பேசினேன். எனக்குத் தெரியுமே, அவருக்கு எவ்வளவு கேட்கும் என்று. 412 டெஸ்ட் பாஸான நிரல் சொல்லியிருக்கிறது.

"அப்பா! மாத்திரை போட்டீங்களா!"

அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். "ஏன் கண்ணு இப்படிக் கத்தற? எனக்கென்ன காது கேக்காதா?"

அம்மா உள்ளே சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை. அப்பா திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடவில்லை, கரண்ட் இல்லை, தெருவில் வண்டி இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து, கத்தாமல், எப்போதும் பேசுகிற குரலில், "ஏனுங்க, காப்பி ஆறுதுங்க" என்றாள்.

"வர்றேன், வர்றேன்" என்று பேப்பரை மடித்தார் அப்பா.

நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. என் நிரல்படி அவருக்கு அந்தக் குரல் எட்டியிருக்கவே கூடாது. காப்பி என்று புரியாமல் போகலாம், பழக்கத்தில் எழுந்திருக்கலாம். ஆனால் குரல் வந்தது என்பதாவது தெரிந்திருக்கிறதே.

அன்றைக்கு முழுக்க அவரைக் கவனித்தேன். மகனாக அல்ல, டெஸ்டராக என்றுதான் சொல்லவேண்டும். அமைதியாக இருக்கும்போது முன்னால் நின்று மெதுவாகப் பேசினால் முக்கால்வாசி பதில் சரியாக வந்தது. டிவி ஓடினால் ஒன்றும் தேறவில்லை. கத்தினால் முகம் சுளித்தது. குக்கர் விசிலுக்குத் திடுக்கிட்டார். என் ஹெட்ஃபோனில் கேட்ட மனிதர் இதில் எதையும் செய்யக்கூடியவர் அல்ல. மாதிரிக்கும் மனிதருக்கும் ஒத்துவரவில்லை.

இந்த இடத்தில் எனக்கு வந்த முதல் யோசனையை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆடியோகிராம் தப்பு என்று நினைத்தேன். அந்த டெஸ்ட் எடுத்தவர் சரியாக எடுக்கவில்லை, ரூமுக்குள் சத்தம் வந்திருக்கும். அப்பா பட்டனைச் சரியாக அழுத்தியிருக்கமாட்டார். என் 412 பச்சையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அவ்வளவு பேரையும் சந்தேகப்பட்டேன்.

6

ராத்திரி லேப்டாப்பைத் திறந்து, மூல மேட்லேப் நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். பெயர்ப்பதற்காகப் பல முறை படித்த நிரல். இந்த முறை அது என்ன சொல்கிறது என்று படித்தேன். பதினோராவது வரி: அளவு என்ற பெயரில் ஒரு மாறி ஏற்கனவே இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் 80 என்று வை.

மேட்லேப்பில் ஸ்கிரிப்ட் என்ற வகை நிரல்கள் எல்லாம் ஒரே முற்றத்தில் புழங்குபவை. ஒன்று விட்டுப்போன மாறியை அடுத்தது எடுத்துக்கொள்ளும். அந்த ஆய்வகத்தில் இந்த நிரலை ஓட்டுவதற்கு முன்னால் எல்லோரும் இன்னொரு ஸ்கிரிப்டை ஓட்டுவார்கள். சோதனை அறையின் ஹெட்ஃபோனைத் தயார் செய்யும் ஸ்கிரிப்ட். அது போகிறபோக்கில் அந்த மாறியை 100 என்று வைத்துவிட்டுப் போகும். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் முதல் ஸ்கிரிப்டை ஓட்டாமல் இரண்டாவதை யாரும் ஓட்டியதே இல்லை. அது அவர்கள் கைப்பழக்கம்.

நான் ஓட்டினேன். சுத்தமாக இருக்கட்டும் என்று புது செஷன் திறந்து ஓட்டினேன். மாறி இல்லை, நிரல் 80-ஐ வைத்துக்கொண்டது. அந்த விடைகளைத்தான் நான் 'சரியான விடை' என்று சேமித்தேன். பைத்தானில் அந்த வரியை உண்மையாகப் பெயர்த்து, அங்கேயும் 80 என்று டீஃபால்ட் வைத்தேன். இரண்டும் பன்னிரண்டு தசம இடம் வரை ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? ஒரே தப்பை இரண்டு மொழியிலும் நான்தான் செய்திருக்கிறேன்.

20 டெசிபல். அம்மாவின் 65-ஐ நிரல் 45 என்று எடுத்துக்கொண்டு, அதை அப்பாவின் காதுக்குள் போட்டிருக்கிறது. வழிமுறைத் தாளில் 'மைனஸ் 35, அதாவது 65' என்று எழுதியிருந்தார்கள். 35-ஐயும் 65-ஐயும் கூட்டினால் 100. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. அந்தத் தாள் மூன்று மாதமாக என் மேஜையில் இருந்தது.

பாத்ரூமில் நின்று அழுதேனே, அது ஒரு பக்குக்காக அழுதது. அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. அந்த ஒலியை நான் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினேன்? எனக்குள் அப்பாவைப் பற்றி ஏற்கனவே ஒரு படம் இருந்தது: ஒன்றும் கேட்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாவப்பட்ட மனிதர். நிரல் கொடுத்த விடை அந்தப் படத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திய விடையை யாரும் மறுபடி சோதிப்பதில்லை.

பேராசிரியருக்கு மெயில் எழுதினேன். மூன்று மாத வேலையின் ஆதாரக் கோப்புகள் எல்லாம் தப்பு என்று எழுத இரண்டு மணி நேரம் ஆனது. அடுத்த நாள் பதில் வந்தது. கட்டுரைகளில் வெளியான படங்கள் எல்லாம் 100-ல் ஓட்டியவை, பயப்படவேண்டாம். அந்த 80, பல வருஷம் முன்பு ஒரு மாணவர் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றுக்காகப் போட்டது. அதை எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில், இத்தனை வருஷத்தில் அந்த நிரலை நிஜமாகப் படித்த முதல் ஆள் நீதான் போலிருக்கிறது என்று எழுதியிருந்தார். பாராட்டா, வருத்தமா, தெரியவில்லை.

திரும்பிப் போனதும் எல்லா ஆதாரக் கோப்புகளையும் புதிதாக எடுத்தேன். இந்த முறை இன்னொரு வகை டெஸ்டும் சேர்த்தேன்: வெளியான கட்டுரைகளின் படங்களில் உள்ள கோடுகளைப் புது நிரல் வரைந்து காட்டவேண்டும். நிரலும் நிரலும் ஒத்துப்போவதை நிரலுக்கு வெளியே இருக்கும் ஒன்று சாட்சி சொல்லவேண்டும். அந்தச் சோதனையில் மூல நிரலிலேயே ஒரு நிஜத் தப்பு மாட்டியது. ஒலியின் கடைசித் துண்டை அது விட்டுவிடுகிறது. திருத்தினால் பழைய கட்டுரையின் எண்கள் கொஞ்சம் மாறும். திருத்தாவிட்டால் தெரிந்தே ஒரு தப்பைப் புது மொழிக்குச் சுமந்து வருகிறோம். ஒரு மதியம் முழுக்க ஆய்வகத்தில் சண்டை. முடிவில் இரண்டையும் வைத்தோம். 'பழையபடி' என்ற சுவிட்சைப் போட்டால் தப்போடு ஓடும், போடாவிட்டால் திருத்தத்தோடு ஓடும். கடந்தகாலத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கவும் வேண்டும், அதிலேயே இருக்கவும் கூடாது.

7

சரியான அளவோடு அம்மாவின் குரலை மறுபடி ஓட்டினேன்.

அம்மா இருந்தாள். அவள் குரல் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது, மூச்சு வாங்கும் இடம் தெரிந்தது, கேள்வி கேட்கிறாள் என்பது இழுப்பில் தெரிந்தது. ஆனால் சொற்களுக்கு விளிம்பு இல்லை. 'ச' எல்லாம் உதிர்ந்துவிட்டது. 'த'வும் 'க'வும் 'ப'வும் ஒன்றாகிவிட்டன. அவள் உற்சாகமாகக் குரலை உயர்த்திய ஒரு இடத்தில் சத்தம் திடீரென்று முகத்தில் வந்து அறைந்தது. தென்னை என்பது எனக்குத் தெரியும், அதனால் தென்னை என்று கேட்டது. தெரியாமல் இருந்தால் வெறும் ஓசைதான்.

கேக்குது, புரியல. மூன்று வருஷம் முன்பு அப்பா சொன்ன இரண்டு சொல். அவரே சரியாகச் சொல்லியிருக்கிறார். நான்தான் அதை அலுப்பில் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இதுவும் அவர் கேட்பது அல்ல. இந்த மாதிரி காதின் மூன்று பழுதுகளை மட்டும்தான் போலி செய்கிறது. வருஷக்கணக்காக வாயசைவையும் முகத்தையும் வைத்து இடைவெளிகளை நிரப்பக் கற்ற மூளையை அது அறியாது. முதல் ஒலியைவிட இது மனிதருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்லமுடியும்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு ஹெட்ஃபோனை மாட்டி அதைக் கேட்கவிட்டேன். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் அறையும் இடத்தில் தோள் குலுங்கியது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "நான் சத்தமாப் பேசறதுதான் அவருக்கு ஒத்தாசைன்னு நெனச்சுட்டிருந்தேன் கண்ணு" என்றாள். அதற்குப் பிறகு அடுப்படியிலிருந்து கூப்பிடுவதைக் குறைத்துவிட்டாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்பாவின் முன்னால் நின்று, மெதுவாகப் பேசுகிறாள். டிவியை முதலில் அணைக்கிறாள். பழைய தறிக்குடோன் சைகைகள் இரண்டு மூன்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். காது மிஷினைப் புதிதாக ட்யூன் செய்து வாங்கி வந்திருக்கிறோம். காலையில் இரண்டு மணி நேரம் போட்டுக்கொள்கிறார். பார்க்கலாம்.

பைத்தான் நிரலில் அந்த அளவுக்கு இப்போது டீஃபால்ட் கிடையாது. எத்தனை டெசிபல் என்று சொல்லாமல் ஓட்டினால், ஓடாமல் நின்று, சொல்லுங்கள் என்று கேட்கும். பயன்படுத்துகிறவர்களுக்கு இது எரிச்சல். இரண்டு பேர் புகார் எழுதியிருக்கிறார்கள். மாற்றமாட்டேன்.

போன வாரம் வீடியோ காலில் அப்பாவிடம் ஏதோ கேட்டேன். வழக்கமாக வரும் தலையாட்டலுக்குக் காத்திருந்தேன். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "கேக்கல கண்ணு, இன்னொருக்கா சொல்லு" என்றார்.

சொன்னேன்.